நாலு முத்து

வேப்பிலைக் கொத்தை வாசல் நிலையில் செருகிவிட்டுப் பஞ்சாலை உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, சாக்குக்கு அந்தாண்ட போ. அவரையும் இழுத்துக்க. லாரி கோயில்கிட்ட வந்து நிக்குது."

வீரமுத்து அக்காள் புருஷனின் கக்கத்தில் கைகொடுத்துச் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் இழுத்தான். அப்பலசாமியின் உடம்பு கொதித்தது. ஒன்பது நாள் மலேரியாக் காய்ச்சல். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இப்போது கட்டில் மட்டும்தான் இருக்கிறது, மருந்து இல்லை.

ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் வேலைக்கு இருபது ஆள் வேண்டுமாம். பட்டியலில் வீரமுத்து மூன்றாவது பேர். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான் தோட்டத்து ஆட்களை மேய்க்கிற மண்டோர் அமிர்தலிங்கம். மண்டோர் சொன்னால் மண்டோர் பெண்டாட்டியே நம்ப மாட்டாள். போன வருஷம் பெடாஸ் ரோட்டில் லாரி ஏறியவர்களில் ஒருத்தனும் இன்னும் திரும்பவில்லை.

வீரமுத்து ஓடிவிட்டான் என்று லயத்து வீடெல்லாம் சொல்லியாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வர மாட்டார்கள். ஜப்பான்காரனுக்கும் தொற்றுநோய் என்றால் பயம். அதை நம்பித்தான் வேப்பிலை. அம்மை அப்பலசாமிக்கு என்று பேச்சு, அவன் முகத்திலோ ஒரு முத்துக்கூட இல்லை. ஆனால் அம்மை வீட்டில் சத்தம் கேட்கக் கூடாது. அப்பலசாமிக்குக் காய்ச்சல் ஏறினால் நாடக வசனம் வரும்.

அவன் விசாகப்பட்டினத்துப் பக்கத்து ஆள். நாடகக் கம்பெனியோடு கப்பலேறி வந்தான். கம்பெனி சிரம்பானில் கலைந்துபோனது. பால்மரம் வெட்ட இங்கே வந்து, பஞ்சாலையைக் கட்டி, திருவிழா நாடகத்தில் சேர்ந்தான். வாயெல்லாம் தெலுங்கு. அந்தக் கோணல் தமிழுக்கு யார் ராஜா வேஷம் கொடுப்பார்கள்? பதினாறு வருஷம் சிப்பாய், எமதூதன், அமீனா, சீனக் கடைக்காரன். நாலு வரி பேசிவிட்டு இறங்கிவிட வேண்டும். கடைசியில் வெள்ளைக்காரத் துரை வேஷம் வந்தது. துரை பேசுகிற தமிழும் கோணல்தானே. பிரம்பைச் சுழற்றிக்கொண்டு, "யூ ப்ளடி பூல்! பால் எங்கே மேன்?" என்பான். கூட்டம் உருண்டு சிரிக்கும். மம்பாவ் வரைக்கும் கூப்பிட்டார்கள். நிஜத் துரையே பார்த்துச் சிரித்துத் தன் பழைய தொப்பியைக் கொடுத்தான். ஜப்பான்காரன் வந்த வாரம் அந்தத் தொப்பியை வீரமுத்துதான் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் புதைத்தான்.

செம்மண் பாதையில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"இது யாரு வீடு?" மண்டோரின் குரல்.

"ஏண்ணே, தெரியாத மாதிரி கேக்குறீங்க. அவருக்கு ஆத்தா வந்திருக்கு. வேப்பிலை கண்ணுல படலையா?"

"உன் தம்பி?"

"அவன் ஓடிப்போயி ரெண்டு நாளாச்சு. செண்டாயான் பக்கம் போயிட்டான்னு சொல்றாங்க."

அப்பலசாமி கண்ணைத் திறந்தான். வீரமுத்துவைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி எங்கேயோ நாடகக் கூட்டத்தைப் பார்த்தான். உதடு ஒரு பக்கம் ஏறியது. துரை வரப்போகிறான் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"யூ ப்ளடி..."

வீரமுத்து அவன் வாயைப் பொத்தினான்.

பூட்ஸ் நின்றது. ஜப்பான்காரன் என்னவோ குரைத்தான்.

"ஆத்தா பேசுறாண்ணே," என்றாள் பஞ்சாலை. குரல் பிசகவில்லை. "மூணு நாளா இப்படித்தான்."

"சாக்கிட், துவான். சாக்கிட் பெசார்," என்றான் மண்டோர். பெரிய வியாதி என்று மலாயில் சொல்லிவைத்தான்.

கைக்குக் கீழே வசனம் முட்டியது. வீரமுத்து இன்னும் அழுத்தினான். அப்பலசாமியின் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன, பிறகு விட்டன. வெளியே பேச்சு நீண்டுகொண்டே போனது. வீரமுத்துவுக்குத் தன் மூச்சே பெரிய சத்தமாகக் கேட்டது. லாரியின் பலகையும், அதில் ஏறுகிற தன் காலும்தான் கண்ணில் வந்தன. கையை எடுக்கத் தோன்றவில்லை.

பூட்ஸ் விலகியது. மண்டோர் மட்டும் நின்றான்.

"பஞ்சாலை, ஜப்பான்காரன் மூக்குல கட்டத் துணி எடுக்க லாரிக்குப் போறான். மொகத்தைப் பாத்துட்டுத்தான் போவானாம். பொய்யின்னா உன்னையும் ஏத்திருவான். நான் ஒண்ணும் பேச முடியாது லா."

அவன் போனதும் பஞ்சாலை படுதாவை விலக்கினாள். வீரமுத்துவின் கை அப்போதும் அங்கேயே இருந்தது. அவள் அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள். புருஷனின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். நிமிர நேரமானது.

"அக்கா..."

"பேசாத." அவள் வாய் கோணியது. அம்மை வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்துபோய்ப் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அதில் அரிதாரமும் சிவப்பும் மையும் இருந்தன. மரவள்ளி மாவைத் தண்ணீரில் குழைத்தாள்.

"நீதான அவருக்கு வேஷம் போடுவ. போடு."

திருவிழாவுக்குத் திருவிழா அந்த முகத்தில் மீசை வரைந்தவன் வீரமுத்துதான். மாவை மிளகளவு உருட்டி நெற்றியில் ஒட்டினான். மேலே சிவப்பு, நடுவில் ஒரு பொட்டு வெள்ளை. முத்து முத்தாக அம்மை எழும்பியது. இரண்டு விழுந்தன. மறுபடி ஒட்டினான். மூக்கு, தாடை, கழுத்து. முகம் அசையாமல் கொடுத்துக்கொண்டிருந்தது. மற்ற நாளில் பொட்டு வைப்பதற்குள் நாலு பேச்சுப் பேசுகிற முகம்.

"போதுமாக்கா?"

பஞ்சாலை குனிந்து பார்த்தாள். இடது கன்னத்தில் நான்கு விரல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

"இங்க நாலு வை," என்றாள். "பெருசா வை."

வைத்தான். அவள் இரண்டு கண்ணையும் மூடிவிட்டு, வேப்பிலையை மார்பில் பரப்பினாள். வீரமுத்து அடுப்படியில் விறகுக்குப் பின்னால் ஒண்டினான்.

"ஆத்தா கொண்டுபோயிட்டாண்ணே," என்றாள் பஞ்சாலை மண்டோரிடம். ஜப்பான்காரன் வாசலைத் தாண்டவில்லை. துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. ஒரு பார்வைதான். பின்னால் நகர்ந்து, கையை வீசி ஏதோ கத்திவிட்டு நடந்தான்.

"இருட்டுறதுக்குள்ள ஆழமாப் பொதைக்கணுமாம். துணிமணியெல்லாம் கொளுத்தணுமாம்," என்றான் மண்டோர். அங்கிருந்தே உள்ளே பார்த்தான். கன்னத்தைப் பார்த்தானா, பிஸ்கட் டின்னைப் பார்த்தானா, தெரியாது. "எந்த வேஷத்துலயும் உன் புருசன் இவ்ளோ நேரம் சும்மா இருந்ததில்ல, பஞ்சாலை."

அவன் போனான்.

லாரி கிளம்பி, சத்தம் ரப்பர் மரங்களுக்குள் தேய்ந்துபோகும்வரை வீரமுத்து எழுந்திருக்கவில்லை. பஞ்சாலை ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள். முந்தானை நுனியை நனைத்து, ஒவ்வொரு விரலாகச் சிவப்பைத் துடைத்தாள்.

சிவப்பு போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.