ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள்

வலி இடது முழங்கையில். ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்தது சுண்டுவிரல். சட்டையை மடிக்கும்போது அது மரத்துப்போய்த் தன்பாட்டுக்கு விறைத்து நின்றது. காலர் நழுவி விழுந்தது. எங்கள் தையல் கம்பெனியில் சட்டைகளைக் கடைசியாகச் சரிபார்த்து மடிப்பவள் நான். இரண்டு கையும் ஒழுங்காக இருந்தால்தான் அந்த மேஜை எனக்கு. சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்த அன்றே, பொத்தான் தைக்கும் பக்கத்து மேஜைக்காரி என்னைப் பிசியோதெரபி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கிருந்த பிசியோ பெண் முழங்கையின் உட்பக்க எலும்போரம் விரலால் தட்டினாள். சுண்டுவிரல் வரை சுரீரென்றது.

"இங்க ஒரு நரம்பு தோலுக்கு அடியிலயே ஓடுதும்மா. கையை ரொம்ப நேரம் மடக்கி வச்சா இழுபடும். மேஜைல ஊனினா நசுங்கும். நீங்க அப்படி ஏதாவது பண்றீங்களா?"

"இல்லையே," என்றேன்.

"பண்றாங்க!" என்றாள் பொத்தான்காரி. "மதியம் வலது கையில சாப்பாடு, இடது கையில போன். முழங்கையை மேஜைல ஊனிட்டு வெளிநாட்டுல இருக்கிற பொண்ணுகூட ஒரே பேச்சு. ஒரு நாள் தப்பாது. பாத்தா எங்களுக்கெல்லாம் வயித்தெரிச்சலா இருக்கும்!"

அந்தப் போனின் மறுமுனையில் யாரும் இருந்ததே இல்லை. மதியமானால் எல்லோருடைய போனும் அடிக்கும். என்னுடையது கல் மாதிரிக் கிடக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எடுத்துக் காதில் வைத்து, "சாப்பிட்டியாம்மா?" என்றேன். பிறகு அதுவே பழகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சில நாள் பதில்கூடக் கேட்ட மாதிரி இருக்கும்.

தூக்கத்தில் கை மடங்காதபடி முழங்கையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்ளச் சொன்னாள் பிசியோ பெண். நரம்பு தடையில்லாமல் நகர ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள்: கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை மெல்லக் காதுப்பக்கம் கொண்டுவந்து, திரும்ப நீட்ட வேண்டும், வலிக்கிற அளவுக்குப் போகக் கூடாது.

"போனைக் கையில பிடிக்கவே பிடிக்காதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க. இப்படியே விட்டா விரல்ல பலம் போயிடும். அப்புறம் மடிக்கிற வேலையை மறந்துட வேண்டியதுதான்."

மற்றதையெல்லாம் செய்தேன். மறுநாள் மதியம், சாப்பாட்டு மேஜையில், போன் காதுக்குப் போவதற்குள் பொத்தான்காரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஸ்பீக்கர்ல போடுங்க. ரகசியம்னா நாங்க காதைப் பொத்திக்கிறோம்."

மேஜை முழுக்கச் சிரிப்பு. வசமாக மாட்டிக்கொண்டேன். வேறு வழி தெரியாமல் நிஜமாகவே மகளின் நம்பரை அழுத்தினேன். எடுத்துவிடக் கூடாதே என்றிருந்தது. எடுக்க மாட்டாளா என்றும் இருந்தது.

எடுத்துவிட்டாள்.

"அம்மா? என்னம்மா ஆச்சு? நீ இந்த நேரத்துல கூப்பிடவே மாட்டியே! யாருக்கு என்ன?"

சிரித்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"ஒண்ணுமில்லடி. முழங்கை கொஞ்சம் வலி."

"அய்யோ, பயந்தே போயிட்டேன். டாக்டர்கிட்ட காட்டும்மா. வேலையில இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாள். பொத்தான்காரி குனிந்து தன் டப்பாவையே கிளறிக்கொண்டிருந்தாள். நல்லவள்தான். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. கை மட்டும் மளமளவென்று தேறிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்டதால்தான் என்று பிசியோ பெண் மெச்சிக்கொண்டாள். சூப்பர்வைசருக்கும் திருப்தி.

முன்பெல்லாம் நான் போனைக் கீழே வைத்ததும், "பொண்ணு என்ன சொல்றா?" என்று யாராவது கேட்பார்கள். வாய்க்கு வந்ததை ஜோடித்துச் சொல்வேன், எல்லோரும் சிரிப்பார்கள். நாள் முழுக்க யாராவது என்னிடம் ஒன்று கேட்டார்கள் என்றால் அது அதுதான்.

இப்போது யாரும் கேட்பதில்லை.