கனவு தின்னி

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கோயில் சிலைகளுக்கு வர்ணம் தீட்டுபவன் முனியாண்டி. ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம், பங்களாவில் தங்கியிருந்த அதிகாரி அவனைக் கூப்பிட்டனுப்பினான். தோட்டத்துக் கணக்கு எழுதும் செல்லப்பா கிராணிதான் அவன் பேச்சைத் தமிழில் சொன்னார். அதிகாரிக்குத் தூக்கத்தில் கெட்ட கனவுகள்; அவற்றைத் தின்று ஆளைக் காக்கும் ‘பக்கு’ என்ற மிருகத்தை அவனுடைய மரத் தலையணையில் வரைய வேண்டுமாம்.

மாதிரிக்கு ஒரு பழைய தாள் கிடைத்தது. யானைத் தும்பிக்கை, மாட்டு வால், புலிக்கால். முனியாண்டிக்கு அது கோயில் யாளியின் தம்பி போலத் தெரிந்தது. அப்படியே வரைந்தான். கனவுகள் நிற்கவில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், ஆற்றோரம் அந்தக் காட்டுப் பக்கம் திரியும் தெனுக் என்ற மிருகம் ஒன்று வந்து நின்றது. தலையும் காலும் கருப்பு, முதுகும் வயிறும் வெள்ளை, குட்டையாக ஒரு தும்பிக்கை. அதிகாரி அதைப் பார்த்துக் கும்பிடாத குறைதான். தங்கள் ஊரில் இப்போது பக்குவை இப்படித்தான் வரைகிறார்கள், மாற்று என்றான். முனியாண்டி பழையதைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பும் கரியும் குழைத்துத் தெனுக்கை வரைந்தான். அதிகாரி அடித்துப் போட்டது போலத் தூங்கினான்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில்தான் ஏதோ ஆகிவிட்டது. யாருக்கும் கனவே வரவில்லை. சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன மகன் சந்திரன், முனியாண்டியின் மனைவி தாயம்மாவுக்குத் தினமும் கனவில் வருவான். அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு அது.

“எட்டு நாளாச்சு, புள்ள வரல,” என்றாள். “நீங்க வரைஞ்சது அவனையும் தின்னுருச்சு.”

அதிகாரி மந்தின் ஊருக்குப் போயிருந்த பகலில், வர்ணம் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி முனியாண்டி பங்களாவுக்குள் போனான். தலையணை உயிருள்ள உடம்பு போலச் சூடாக இருந்தது. அவன் ஒட்டியதாக வரைந்திருந்த தெனுக்கின் வயிறு, பலகையின் ஓரம்வரை உப்பியிருந்தது. கத்தியால் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட உள்ளிருந்து பல பேர் முனகுவது கேட்டது. அதே தெனுக்கை மறுபடி வரைந்தான், வாயை மட்டும் இறுக மூடி.

மூன்றாம் நாள் அதிகாரி படுக்க மறுத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். யார் யாருடைய கனவோ தனக்கு வருகிறது, அதில் எல்லாரும் தமிழில் அழுகிறார்கள் என்று கிராணியிடம் சொன்னானாம். அவனை லாரியில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் விடியலில் தாயம்மா அழுதபடி எழுந்தாள். வந்தானா என்று கேட்டான் முனியாண்டி.

“வந்தான். எலும்பும் தோலுமா நின்னான்.”

அவள் அழுது ஓயும்வரை அவன் பக்கத்திலேயே இருந்தான். பிறகு இருவரும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு நடந்தார்கள்.