மூன்று மணிக்கும் ஆறரைக்கும் நடுவே

1

இதை முதலில் நகைச்சுவைக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். என் கணவருக்குச் சர்க்கரை. படுக்கப் போகும்போது நூற்று முப்பது காட்டும் கருவி, காலை ஆறரைக்கு நூற்றுத் தொண்ணூறு காட்டும். நடுவில் யாரோ சமையலறைக்குப் போய்வருகிறார்கள் என்று முடிவுகட்டினேன். அப்படிப் பிறந்தவன்தான் ‘பிஸ்கட் திருடன்’. முதல் வரி இது:

“அவர் பூனையைவிட மெதுவாக நடப்பார், ஆனால் பூனையின் மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்காது.”

(எழுதிவிட்டு நானே சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் மீசையில் ஒருநாளும் தூளைப் பார்த்ததில்லை.)

2

அவர் லிஃப்ட் மெக்கானிக். அளந்துதான் பேசுவார். எதிர்த்துப் பேசாத ஆளைக் கதைக்குள் இழுத்துவருவது எவ்வளவு வசதி!

மேசையில் கிடந்த தாளை அவர் படித்துவிட்டார்.

“இதுல வர்ற ஆளு நானா?”

“கதைதானேங்க. சும்மா கற்பனை.”

“அப்புறம் எதுக்கு பிஸ்கட் டப்பாவை மேல் தட்டுல ஏத்தி வெச்சிருக்க? நான் ராத்திரி எழுந்திரிக்கவே இல்ல. ஒண்ணும் சாப்பிடல.”

அதற்கு நான் சொன்ன பதில்…

(கெட்டிக்காரத்தனமாக ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.)

3

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மறுநாள் காலையும் ஏறித்தான் இருந்தது. நான் உதட்டைச் சுழித்தேன். இந்த மூன்று சொற்களை எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டையும் தொடாமல், மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பதினோரு மணிக்கு அவர் கூட்டாளியிடமிருந்து போன்.

“பதறாதீங்க அண்ணி. லிஃப்ட் மேல நின்னு வேலை பாத்துக்கிட்டிருந்தாரு. திடீர்னு கை நடுங்கி, வேர்த்துக் கொட்டிடுச்சு. புடிச்சுக் கீழ இறக்கி ஜூஸ் குடுத்தோம். இப்ப தெளிஞ்சுட்டாரு.”

(அவர் விழுந்திருந்தால் கதைக்குக் கனம் கூடியிருக்கும் என்று எனக்குள் இருக்கும் எழுத்தாளர் ஒரு நொடி நினைத்தார். அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

4

மருத்துவமனையில் நர்ஸம்மாவிடம், “ராத்திரில ஏதாவது சாப்பிடுறாரோன்னு…” என்று இழுத்தேன்.

“அவரைச் சந்தேகப்படாதீங்கம்மா. விடியப்போற நேரத்துல உடம்பு எழுந்திரிக்கத் தயாராகும். கல்லீரல் தானா சர்க்கரையை எடுத்து விடும். நம்ம உடம்பு அதைச் சமாளிச்சிடும், இவருக்கு முடியல. அதுக்காக அவரா சாப்பாட்டை நிறுத்திட்டு மாத்திரை மட்டும் போட்டா இன்னைக்கு மாதிரிதான் ஆகும். மூணு நாள், விடிகாலை மூணு மணிக்கும் ஒரு தடவை பாத்து எழுதிட்டு வாங்க.”

மூன்று நாளும் அவரோடு நானும் விழித்திருந்தேன். மூன்று மணிக்கு நூற்று இருபதை ஒட்டி. ஆறரைக்கு நூற்று எண்பதைத் தாண்டி. இடையில் அவர் வாயைத் திறந்தது கொட்டாவி விடத்தான்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து மாத்திரையையும் நேரத்தையும் மாற்றினார். இரவில் நேரத்தோடு சாப்பிடுங்கள், பிறகு கொஞ்சம் நடங்கள் என்றார். இரண்டு வாரத்தில் காலை எண் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

5

மன்னிப்புக் கேட்கும் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் நான் அழுகிறேன். இன்னொன்றில் அவர் அழுகிறார் (யாரும் நம்பமாட்டார்கள்). மூன்றாவதில் இருவரும் சிரிக்கிறோம். அதுதான் மூன்றிலும் பெரிய பொய்.

நடந்தது இவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு இருவரும் தெருவில் நடந்துகொண்டிருந்தோம்.

“உங்களைத் தப்பா நெனச்சிட்டேங்க.”

பத்தடி நடந்த பிறகு அவர் சொன்னார்: “கருவி சொன்னப்ப நம்புன. நர்ஸு சொன்னப்ப நம்புன. நான் சொன்னப்ப நம்பல.”

கோபமாகச் சொல்லவில்லை.

தெருமுனையில் திரும்பும்போது கேட்டார்: “இதையும் எழுதுவியா?”

“எழுதட்டுமா?”

“இதுவரைக்கும் எழுதிக்கோ. இப்ப சொல்லப்போறதை வேணாம்.”

பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். இந்தக் கதை முடியவேண்டிய வாக்கியம் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதாததற்காக நீங்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இந்த ஒரு முறை நான் அவர் சொன்னதைக் கேட்கிறேன்.