உமி தின்ற கோழிகள்

அக்காவுக்குக் குஞ்சு வளர்ப்பு, தம்பிக்கு முட்டைக்கோழி. அப்பா விட்டுப்போன பண்ணையை இருவரும் இப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொரித்த மறுநாளே வந்து இறங்கும் குஞ்சுகளைப் பதினாறு வாரம் ஆளாக்கி அக்கா சாலைக்கு மறுபக்கம் அனுப்புவாள். அதன்பிறகு அவை தம்பியின் பாடு. பத்து வருஷமாக ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் ஓடியது.

அந்த வருஷம் தம்பியின் கோழிகள் படுத்துக்கொள்ள ஆரம்பித்தன. நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே கால் தாங்காமல் சாய்ந்துவிடும். தூக்கினால் இறக்கை எலும்பு கையிலேயே மளுக்கென்று முறியும். தம்பி அக்காவின் வளர்ப்பைக் குறை சொன்னான். முட்டை ஓட்டுக்காக அவன் தீனியில் கலக்கும் சுண்ணாம்புத் தூளை அக்கா குறை சொன்னாள். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து, செத்த கோழிகளில் ஆறை அறுத்துப் பார்த்தார். சுண்ணாம்பில் குறையில்லை என்றார். ஆனால் வயிற்றுக்குள் தீனியை அரைக்கும் பை எல்லாவற்றிலும் சிறுத்து, தொளதொளவென்று இருந்தது. குஞ்சுகளுக்கு என்ன தீனி என்று அக்காவைக் கேட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அவள் உமியும் தவிடும் கலந்துதான் போட்டுவந்தாள். குஞ்சு சீக்கிரம் எடை ஏறவேண்டும் என்று அதை நிறுத்தச் சொல்லி நச்சரித்தவன் தம்பி. அவன் பக்கத்தில்தான் நின்றான், தரையைப் பார்த்தபடி.

"நார்ச்சத்தை நான்தான் எடுத்துட்டேன் டாக்டர்," என்றாள் அக்கா. "இப்ப எல்லாம் மாவு மாதிரி அரைச்ச தீனிதான்."

மருத்துவர் தலையாட்டினார். முட்டையிட ஆரம்பித்த கோழி ஓட்டுக்கு வேண்டியதைத் தன் எலும்பிலிருந்தும் எடுக்கும், அதற்கு முன்பே எலும்பைக் கட்டிவிட வேண்டும் என்றார். நார் இருந்தால் அரைவைப் பை பலப்பட்டு, தின்றது உடம்பில் ஒட்டும். எலும்புக்கும் உதவலாம், சத்தியம் பண்ண முடியாது. ஒரு கொட்டகையில் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

அடுத்த தொகுதியில் பாதிக் குஞ்சுகளுக்கு அக்கா கரடுமுரடான உமியைக் கலந்தாள். பதினாறாம் வாரம் அவை மற்றவற்றைவிட நாற்பது கிராம் குறைவாக இருந்தன. தம்பி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, நோஞ்சான் என்று முகம் சுளித்தான். ஆனாலும் தனிக் கொட்டகையில் விட்டான்.

நாற்பதாம் வாரம் மருத்துவர் இரண்டு கொட்டகையிலிருந்தும் பத்துப் பத்துக் கோழிகளின் கால் எலும்பை எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் முறியும்வரை எடை தொங்கவிட்டார். உமி தின்றவற்றில் ஏழு எலும்புகள் கூடுதலாகத் தாங்கின. மூன்று மற்றவற்றைப் போலவே முறிந்தன. அதுவரை படுத்துக்கொண்ட கோழிகள் உமி தின்றவற்றின் கொட்டகையில் பதினேழு, மற்றதில் நாற்பத்தொன்று.

மருத்துவர் போனபின் தம்பி எலும்பு முறித்த மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"அன்னிக்கு நான் சொல்லித்தான் எடுத்தேன்னு ஏன்க்கா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ வீம்புக்காவது இந்தக் குஞ்சுங்களைத் தொட்டிருக்க மாட்டே."

அடுத்த தொகுதி முழுவதற்கும் உமி போடுவது என்று அங்கேயே முடிவாயிற்று. பதினேழும் குறையுமா என்று அக்கா கேட்டதற்கு, வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றான்.