கஞ்சி போட்ட ஜெர்கின்

கொடியில் கிடந்த ஜெர்கின் தகரம் மாதிரி விறைத்து நின்றது. சிந்தாமணிக்கு அதில் திருப்தி. பட்டாளத்துக்காரன் துணி விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். முகாம் அடுப்பின் மண்ணெண்ணெய் நாற்றம் போகச் சோடாவில் ஊறவைத்து, கல்லில் அடித்து, கஞ்சியும் போட்டிருந்தாள். லீவு முடிந்து புருஷன் இன்றைக்கு ரயிலேறுகிறான்.

குளித்துவிட்டு வந்த வீரமுத்து அதைத் தொட்டதும் முகம் மாறினான். ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். உருண்டு ஓட வேண்டிய தண்ணீர் துணிக்குள் இறங்கி, அந்த இடம் கறுத்தது.

"என்னாடி பண்ணித் தொலைச்ச?"

"தொவைச்சேன். அந்த நாத்தத்தோடவா ரயிலேறுவீங்க?"

"வேர்வைய வெளிய விடும், தண்ணிய உள்ள விடாது. அதுக்குன்னே லடாக்குல, லே டவுன்ல தேடி வாங்குனது. கஞ்சியப் போட்டு ரெண்டையும் கெடுத்துட்ட."

"நனைஞ்சா காய வச்சுக்கிறது."

அவன் இடது காலை நீட்டினான். சுண்டுவிரல் இருந்த இடத்தில் வழவழவென்று தழும்பு. கல் விழுந்து நசுங்கியது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்.

"கல்லு இல்ல. நனைஞ்ச சாக்ஸு. பனியில எங்கடி காய வைக்கிறது? இது வெரலோட போச்சு. ஜெர்கின் நனைஞ்சா நெஞ்சுல உறையும்."

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஜெர்கினை முக்கி முக்கி எடுத்தாள். பால் மாதிரி வந்த தண்ணீர் தெளிகிறவரை விடவில்லை. பிறகு வெயிலில் போட்டாள்.

"காஞ்சதும் மேல துணியப் போட்டு லேசா சூடு காட்டுனாத்தான் மறுபடி தண்ணி ஒட்டாதுன்னான் கடைக்காரன்."

"வந்தன்னைக்கே சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ தொவைப்பேன்னு யாரு கண்டா?"

"வூட்டுக்கு வந்த துணியத் தொவைக்காம, பொட்டு வச்சுக் கும்புடுவாங்களா?"

ஜெர்கின் காய்ந்ததும், இஸ்திரிப் பெட்டியில் கரித்தணல் போட்டு, ஜெர்கின்மேல் வேட்டியை விரித்துத் தேய்த்தாள். லேசாக பிளாஸ்டிக் வாடை எழுந்தது.

"கருகுதுடி!"

"கைய எடுங்க."

பெட்டியைத் தூக்கித் தூக்கி ஒற்றினாள். முடிந்ததும் அவனை மாட்டச் சொல்லி, கழுத்துக்குள் இறங்காமல் தோளிலும் நெஞ்சிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். நெஞ்சில் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. உள்ளே கையை விட்டுத் தடவினாள். இடது தோளில் பனியன் ஈரமாக இருந்தது.

"காஞ்சுதான் கெடக்கு, விடு. அரியலூர் பஸ் வந்துரும்."

"நனைஞ்சிருக்கு."

கழற்றித் திருப்பினாள். தோள் மடிப்புக்குள் வெள்ளையாகக் கஞ்சி திரண்டு நின்றது. கீழப்பழுவூர் வளைவில் ஹாரன் கேட்டது. அவன் பையைத் தோளில் மாட்டினான்.

"குடு, சிந்தா. ஒருநாள் பிந்துனாலும் அங்க முட்டி போட வச்சுருவான்."

"போடுங்க. போடறதுக்கு முட்டியாவது இருக்கும்ல."

ஜெர்கினை மறுபடி தண்ணீரில் அமுக்கினாள். பஸ் நின்றது, கண்டக்டர் விசில் கொடுத்தான். வீரமுத்து தெருவைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

அவன் பையை இறக்கி வைத்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். பிறகு உட்கார்ந்து கரியை ஊதினான்.