கோட்டையில் யாரும் இல்லை

யாங்கோனுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குத் தெற்கே, ஆறு வளைந்து கடலை நோக்கித் திரும்பும் இடத்தில் ஒரு செங்கல் கோட்டை நிற்கிறது. யாங்கோன் துறைமுகத்துக்குள் எதிரிக் கப்பல் நுழையாமல் காக்க ஆங்கிலேயர் கட்டியது. செலினுக்கு அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. யாங்கோனில் தாமுவே பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் சரித்திர ஆசிரியை. விடுமுறை நாட்களில் தம்பி சகாயராஜைக் கூட்டிக்கொண்டு நகரத்தின் பழைய கட்டடங்களைத் தேடிப் போவாள். அவன் படம் பிடிப்பான், அவள் பர்மிய மொழியில் அவற்றின் கதையைச் சொல்லி இணையத்தில் போடுவாள்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கோட்டைக்குள் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று செலின் எதிர்பார்க்கவில்லை. பீரங்கிகள் நின்ற வளைவறைகளை மூங்கில் தட்டியால் அடைத்துப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. சுவருக்குச் சுவர் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள்.

அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"நீங்க தமிழா?"

அவள் பெயர் நூர் பீவி. படகுத்துறையில் பயாஜோ என்னும் பருப்பு வடை சுட்டு விற்பவள். கணவன் அலோன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கியவன், இறந்துவிட்டான். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருவருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கோட்டை முழுவதும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

"அக்கா, இந்தத் துணியெல்லாம் கொஞ்ச நேரம் எடுத்துடலாமா? சுவரே தெரியல" என்றாள் செலின்.

"அதுக்கென்ன புள்ள, எடுத்துட்டாப் போச்சு."

நூர் பீவியே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். துணி போயிற்று, பானை போயிற்று, தட்டிகளும் போயின. கோழிகளைக் கூடையில் கவிழ்த்தார்கள். குழந்தைகளோடு எல்லோரும் கோட்டைக்குப் பின்னால் மர நிழலில் போய் உட்கார்ந்தார்கள். வழியில் நூர் பீவி, "நர்கிஸ் புயல்ல எங்க ஊரு மொத்தமும் இந்த வெடிமருந்தறைக்குள்ளதான் பொழச்சுது, தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போய்விடுமே என்ற பதற்றத்தில், "அப்புறம் கேட்டுக்கறேன் அக்கா" என்று செலின் கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

நன்றாகத்தான் பேசினாள். சேற்றில் செங்கல் சுமந்த கூலிகளைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சலில் செத்த சிப்பாய்களைப் பற்றிச் சொன்னாள். பல வருடம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த பீரங்கிகள், ஜப்பான்காரன் வானத்திலிருந்து குண்டு போட்டபோது அண்ணாந்து பார்க்க முடியாமல் நின்றதைச் சொன்னாள். முடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அன்றிலிருந்து இங்கே யாரும் இல்லை. காற்று மட்டும் காவல் இருக்கிறது" என்றாள். அந்த வாக்கியம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பார்த்தவர்களுக்கும் பிடித்தது. அவள் போட்ட வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

வெயில் காலத்தில் நூர் பீவியிடமிருந்து போன் வந்தது.

"எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க புள்ள. யாரோ கம்பெனிக்காரங்க ஹோட்டல் கட்டப் போறாங்களாம். நாங்க இங்கயேதான் இருக்கோம்னு சொன்னா, உன் வீடியோவைப் போட்டுக் காட்டறாங்க. யாரும் இல்லைன்னு நீயே சொல்றியே."

போனை வைத்த பிறகு செலின் அந்த வீடியோவை மறுபடி பார்த்தாள். பெருக்கித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது கோட்டை. ஓர் இடத்தில் மிக மெல்லிசாகக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பின்னணி இசையைக் கூட்டி அதை மறைக்கச் சொன்னதும் அவள்தான்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டாலாவுக்குப் படகேறினாள். வட்டார அலுவலகத்தில் இருந்த அதிகாரி அவளை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார்.

"உங்க வீடியோ அருமை, சயாமா" என்றார் பர்மிய மொழியில். டீச்சர்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"அங்கே ஜனங்க இருந்தாங்க. நான்தான் அவங்களை ஒதுங்கி இருக்கச் சொன்னேன்."

"அப்படின்னா நீங்க சொன்னது பொய்யா?"

நூர் பீவியும் மற்றவர்களும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, பொய்" என்றாள் செலின்.

அதிகாரி வருத்தப்படுவதுபோல் தலையை ஆட்டினார். உத்தரவு மேலிடத்திலிருந்து வந்துவிட்டது, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும் செலின் நூர் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னொரு வீடியோ எடுக்கலாம். நீங்க எல்லாரும் பேசுங்க. புயல்ல நடந்ததைச் சொல்லுங்க."

நூர் பீவி கையை விடுவித்துக்கொண்டாள்.

"பட்டாளத்துக்குப் பசங்களைப் பிடிச்சிட்டுப் போற காலம் இது. இங்க எத்தனை வீட்ல வயசுப் பசங்க இருக்காங்கன்னு உலகத்துக்கே காட்டணுமா? எங்க மூஞ்சி எதுலயும் வர வேணாம். முதல்ல வரலைல்ல, இப்பவும் வர வேணாம்."

செலின் அன்றைக்கே வீடியோவை நீக்கினாள். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது. கம்பெனிக்காரர்களே அதை வெட்டி எடுத்து, அவள் குரலோடு, தங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

மழை தொடங்குவதற்கு முன்பே குடும்பங்கள் வெளியேறின. செலினும் சகாயராஜும் சாமான் தூக்கப் போனார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் பேசவும் இல்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி மட்டும் பக்கத்திலிருந்தவளிடம், "இவங்கதான்" என்றாள். செலின் காதில் விழாததுபோல் குனிந்து அரிசிப் பானையைத் தூக்கினாள்.

நூர் பீவிக்கு டாலா படகுத்துறைக்குப் பின்னால் சேற்று நிலத்தில் ஒரு குடிசை கிடைத்தது. செலின் ஞாயிறுதோறும் போனாள். அடுப்புக்கு விறகு உடைத்துக் கொடுப்பாள், பருப்பு அரைத்துக் கொடுப்பாள். போகும்போதெல்லாம் "மன்னிச்சிடுங்க அக்கா" என்பாள்.

"நீ எடுக்காட்டியும் அவங்க வந்திருப்பாங்க. ஆத்துக்குக் குறுக்கே பாலம் வருது, நிலம் விலை ஏறுது" என்று நூர் பீவி முதலில் சமாதானம் சொன்னாள். செலின் அதை நம்பவில்லை. அவர்கள் வந்திருக்கலாம். ஆனால் யாரும் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வேறு ஒரு வாய் தேவைப்பட்டிருக்கும்.

நான்காவதோ ஐந்தாவதோ முறை அவள் அதையே சொன்னபோது நூர் பீவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ வர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேக்காதே. நீ கேட்டா நான் உன்னைத் தேத்தணும். எனக்கு வேற வேலை இருக்கு புள்ள."

அதன்பிறகு செலின் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இன்னும் கனமாக இருந்தது. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து மழை அடித்துக்கொண்டு வந்து குடிசையின் கூரைத் தகரத்தைத் தூக்கியது. நூர் பீவி ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடிக்க, செலின் கீழே நின்று இரண்டு கையாலும் தகரத்தை அழுத்திப் பிடித்தாள்.

"விட்டுடாதே" என்றாள் நூர் பீவி, வாயில் ஆணியோடு.

"விடல அக்கா."