நாலாம் படி

கறுப்புத் துணியை மேசையில் விரித்து, குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு ஸுஹைறா வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த போன் மினுங்கியது. ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுக் குரல் செய்தியைக் கேட்டாள். பொத்துவிலிலிருந்து வாடிக்கைப் பெண். கல்யாண வீட்டுக்கு ஒரு அபாயா வேண்டுமாம்; போன தடவை தைத்தது இறுக்கமாகப் போய்விட்டதாம்.

"துணி இறுகல்ல ராத்தா, நீங்கதான் கொஞ்சம் பூசினாப்போல வந்திட்டீங்க. ஒரு படம் எடுத்து அனுப்புங்க, நான் பாத்து வெட்டுறன்" என்று பேசி அனுப்பிவிட்டு மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள்.

கல்முனையில் மசூர் ஹாஜியாரின் அபாயாக் கடை கொரோனா ஊரடங்கில் பூட்டிக் கிடந்தபோது, வீட்டிலிருந்தபடி சொந்தப் போனில் ஓடர் எடுக்கத் தொடங்கியவள் அவள்தான். ஊரடங்கு போனது, ஓடர் போகவில்லை. ஹாஜியார் அவளுடைய நம்பரையே கடைப் பலகையில் பெரிதாக எழுதிப்போட்டார். ஆனால் கூலி மட்டும் பழைய மாதிரியே, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்றுதான். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. கடலுக்குப் போய்வந்த புருஷன் இடுப்பில் அடிபட்டு வீட்டோடு இருந்தான். மாதச் சம்பளமும் ஈபிஎப் சேமலாப நிதியும் கேட்டுக்கேட்டு அவளுக்கு வாய் நொந்ததுதான் மிச்சம்.

இந்தத் தடவை வாக்கு வந்தது ஹாஜியாரின் வாயிலிருந்து. அக்கரைப்பற்றில் இன்னொரு கடை போட அவருக்கு வங்கியின் சலுகைக் கடன் வேண்டியிருந்தது. வங்கி அனுப்பும் ஆள் வந்து, கடை டிஜிட்டலில் எவ்வளவு தூரம் தேறியிருக்கிறது என்று பார்த்து, ஐந்து படியில் ஒன்றைப் போடும். நாலாம் படிக்குக் குறைந்தால் கடன் இல்லை.

"இத மட்டும் கரை சேத்துத் தாங்க புள்ள. ஈபிஎப்போட நிரந்தரம். நான் சொன்னாச் சொன்னதுதான்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

ஸுஹைறாவுக்கு ஒரு துளி பயம் இருக்கவில்லை. அளவெடுக்கத்தானே வருகிறார்கள், வரட்டும் என்றாள். அளவெடுப்பது அவளுடைய தொழில்.

வந்தவள் சிவரூபினி, காரைதீவுப் பெண். கையில் டெப் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேள்வி கேட்டாள். ஹாஜியாரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பில் அடிக்கும் மெசின் தூசு படாமல் பூப்போட்ட துணிக்குள் பத்திரமாக இருந்தது. கடையின் இணையத்தளத்தில் போன வருசத்துப் பெருநாள் விலைக்கழிவு இன்னும் நடந்துகொண்டிருந்தது. கொம்பியூட்டரின் கடவுச்சொல் ஹாஜியாரின் மகன் றிப்திக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அவனுக்கும் தெரியவில்லை. ரெண்டாம் படியே கஷ்டம் என்று சிவரூபினி மெல்லச் சொன்னதும் ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

அப்போதுதான் ஸுஹைறா தன் போனை நீட்டினாள். யார் எந்த ஊர், யாருக்குத் தோள் அகலம், யாருக்குக் கல் வைத்த வேலை பிடிக்காது, காசு போட்ட சிட்டையின் படம், பார்சல் ஏறிய பஸ், எல்லாம் பெயர் பெயராக அதற்குள் கிடந்தன. கட்டாரில் இருக்கும் பெண்கள்கூட அவளிடம்தான் தைத்தார்கள். சிவரூபினி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்த தேநீரை ஆறவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கடையில ஒழுங்கா நடக்கிறது இது ஒண்டுதான். ஆனா இது கடையிட இல்ல, உங்கட. நாளைக்கு நீங்க வராட்டி கட நிண்டுடும். ஒரு ஆளில தங்கி நிக்கிற கடைக்கு நாலாம் படி போட ஏலாது."

இந்தப் போன் கணக்கு கடையின் பெயரில் இருக்க வேண்டும், பலர் பார்த்துப் பதில் போட வேண்டும். அடுத்த மாதம் திரும்ப வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அவள் படியிறங்க முதலே றிப்தி போனுக்குக் கையை நீட்டினான். ஸுஹைறா அதைப் பைக்குள் வைத்தாள்.

"றிப்தி தம்பி, இதுக்குள்ள பொம்புளயள்ற அளவும் படமும் இரிக்கி. நான் பாக்கிறன் எண்டுதான் நம்பி அனுப்பின. ஆம்புளட கையில குடுக்க ஏலா."

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் ஹாஜியார் மகனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அப்ப என்ன செய்வது என்று கேட்டார். அதற்கும் வழி அவளிடமே இருந்தது. தையல் மெசினில் இருக்கும் றுகையாவையும் மர்ஷூதாவையும் தான் பழக்குவதாகச் சொன்னாள். பெண்களின் கணக்கு பெண்களின் கையிலேயே இருக்கும், ஆளும் மூன்றாகிவிடும்.

அந்த மாதம் அவள் தன் தையலைக் குறைத்துக்கொண்டு அவர்களைப் பழக்கினாள். குறைந்த தையலுக்குக் கூலியும் குறைந்தது. வரப்போகிற சம்பளத்தை நினைத்து அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மர்ஷூதா சொல்ல முதலே பிடித்துக்கொண்டாள். றுகையா போனைத் தொடவே நடுங்கினாள். கடிக்காது, தொடு என்று ஸுஹைறா அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள். படங்களை ஆண்கள் திறக்க முடியாதபடி பூட்டும் போட்டாயிற்று. வாடிக்கையாளர்கள் கலைந்து போகாமல் இருக்க, ஸுஹைறா தன் நம்பரையே கடைக் கணக்குக்கு விட்டுக்கொடுத்து, தனக்குப் புது சிம் வாங்கினாள்.

ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியது. புதுக் குரலைக் கேட்டால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் யார் எழுதினாலும் முதலில் ஸுஹைறாவின் குரல் தானாகப் போவதற்கு றிப்தி ஏதோ மென்பொருள் வாங்கினான். வெளியே மெசின் சத்தமாக இருந்ததால், உடுத்திப் பார்க்கிற அறைக்குள் அபாயாக்களுக்கு நடுவே நின்று அவள் அந்தச் செய்தியைப் பேசிப் பதிந்தாள். மர்ஷூதா திரைக்கு வெளியே சிரித்துச் சிரித்து இரண்டு தடவை கெடுத்தாள்.

சிவரூபினி திரும்பி வந்த நாளில் ஸுஹைறாவை ஒரு கதிரையில் இருத்தி, எதையும் தொடக் கூடாது என்றாள். பிறகு தன் போனிலிருந்து ஓடர் ஒன்றைப் போட்டாள். றுகையா அளவு கேட்டாள், மர்ஷூதா விலை சொன்னாள், பார்சல் சிட்டைவரை பிசகில்லாமல் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருந்த ஸுஹைறாவுக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. இனி நீங்கள் துணிந்து லீவு எடுக்கலாம் அக்கா என்று சொல்லி, சிவரூபினி நாலாம் படி போட்டாள்.

கடன் கிடைத்தது. அக்கரைப்பற்றுக் கடையில் றிப்தி முகாமையாளராக இருந்தான். நிரந்தரக் கடிதத்தைக் கேட்டபோதெல்லாம், புதுக் கடை, கொஞ்சம் பொறுங்கள் என்றார் ஹாஜியார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வியாபாரம் படுத்ததும் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, போனுக்கு ரெண்டு பேர் போதும், தையலும் குறைவு, நோன்புக்குச் சனம் கூடும்போது சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

"நிரந்தரம் எண்டீங்களே ஹாஜியார். எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னீங்க?"

"கோவிக்காதீங்க புள்ள. அந்த வங்கி மிஸ்தானே சொன்னா, ஒரு ஆளில கட தங்கி நிக்கப்படாதெண்டு."

மர்ஷூதா மெசினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஸுஹைறாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தான் இவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்க வேண்டாம் என்றுதான் நெஞ்சு எரிந்தது. கத்தரிக்கோல் அவளுடைய சொந்தம். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அக்கம்பக்கத்துத் தையலில் மாதங்கள் போயின. நோன்பு நெருங்கியது. கடையிலிருந்து ஆள் வரவில்லை. ஹாஜியார் போனை எடுக்கவில்லை. ஒரு முற்பகல் அவள் புருஷனுக்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, தன்னுடையதாக இருந்த அந்த நம்பருக்குக் குரல் செய்தி பேசி அனுப்பினாள். மர்ஷூதா, ஹாஜியாரிடம் கேட்டுச் சொல்லு, நான் எப்போது வேலைக்கு வரட்டும்?

வைத்த கை எடுக்க முதல் பதில் வந்தது. அவளுடைய புது நம்பர் யாருடையதென்று கடைப் போனுக்குத் தெரியவில்லை. ஸுஹைறா போனைக் காதில் வைத்தாள். பின்னால் தொங்கும் துணிகள் லேசாக உரசும் சத்தத்தோடு அந்தக் குரல் சிரித்த முகமாகப் பேசியது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஸுஹைறா கதைக்கிறன். ஒண்டுக்கும் யோசியாதீங்க ராத்தா. நான் எப்பயும் கடையிலதான் இரிக்கன்."